மாநாட்டைத் தென்னேரிக்கு மாற்றுங்கள்

ஜெனீவாவில் ஒரு ஏரி இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தலைமையகம் அந்த ஊரில்தான். ஆண்டுதோறும் ஜூன் மாதம் உலக நாடுகளின் அமைச்சர்களும், முதலாளிகளின் பிரதிநிதிகளும், தொழிற்சங்கத்தாரும் அங்கே கூடுகிறார்கள். உலகில் இன்னும் அடிமைகள் இருக்கிறார்களே என்று வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் காதில் மாட்டிய கருவி வழியாகப் பல மொழிகளில் உடனுக்குடன் கேட்கிறது.

எங்களிடமும் ஒரு ஏரி இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத் வட்டம், தென்னேரி. தொண்டைமான் இளந்திரையன் பெயரில் திரையனேரியாக இருந்ததுதான் தென்னேரி ஆயிற்று என்பார்கள். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்தால் கலங்கல் வழியும். பெய்யாவிட்டால் உள்ளே மாடு மேயும். கரையில் காற்றுக்குக் குறைவில்லை. ஜெனீவாவுக்கு இல்லாத ஒரு வசதியும் எங்களுக்கு உண்டு. அங்கே அடிமைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிடைப்பார்கள், அடிமை கிடைக்கமாட்டார். அறிக்கையின் அட்டைப்படத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் மாவட்டத்திலும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலும் அந்தத் தட்டுப்பாடு இதுவரை வந்ததில்லை.

ஆகவே அடுத்த மாநாட்டைத் தென்னேரி ஏரிக்கரைக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர் எங்கள் பொறுப்பு. வாசலில் வாழைமரம் கட்டிவிடலாம். பொன்னாடைக்குப் பஞ்சமே இல்லை, பட்டுக்குப் பெயர்போன ஊர் பக்கத்திலேயே இருக்கிறது.

பொன்னாடை போர்த்திக்கொண்ட கையோடு பிரதிநிதிகள் ஒரு பள்ளத்தறியைப் பார்த்துவிட வேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேருமிடத்தில் புடவை கிழிந்தாலும் கிழியுமே தவிரக் கரை பிரியாது என்பது வியாபாரிகள் வாக்கு. அப்படி நெய்ய ஒரு ஆள் போதாது. நெசவாளி பள்ளத்தில் காலை இறக்கி உட்கார்ந்து மிதிக்க, பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரைக்கு நாடா வாங்கித் தள்ள வேண்டும். அந்த இன்னொருவருக்கு எத்தனையோ ஆண்டுகளாக வயது எட்டு, ஒன்பது, பத்து. சின்ன விரல் என்றால் அறுந்த இழையைப் பிணைக்கவும் வசதி, கூலியும் சின்னது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முதலாளி ஒரு முன்பணம் கொடுப்பார். பிள்ளை தறியில் உட்காரும். பணம் திரும்பும்வரை பிள்ளை எழுந்திருக்க முடியாது. பிள்ளை வாங்கும் கூலியில் பணம் திரும்பாது. இதில் கணக்குத் தெரியாதவர் யாருமில்லை, பிள்ளையைத் தவிர.

1996-இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் என்ற நியூயார்க் அமைப்பு இந்தியாவின் குழந்தைக் கொத்தடிமைகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்டது. 2003-இல் பட்டுத் தொழிலுக்கென்று தனியாக இன்னொன்று போட்டது. கர்நாடகத்துப் பட்டு நூற்பாலை, வாரணாசித் தறி, காஞ்சிபுரத்துத் தறி மூன்றும் அதில் வருகின்றன. பிறகு ஜெனீவாவே இங்கு வந்தது. அமெரிக்காவும் இந்தியாவும் பாதிப் பாதியாக 4 கோடி டாலர் போட்டு, தொழிலாளர் அமைப்பின் மேற்பார்வையில் 'இன்டஸ்' என்ற குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டம் நடந்தது. தமிழ்நாட்டில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. ஆகவே பிரதிநிதிகளுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை.

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: இன்று காஞ்சிபுரத்துத் தறிகளில் அந்தக் காலம்போலக் குழந்தைகள் இல்லை. சோதனைகள் நடந்தன, சிறப்புப் பள்ளிகள் திறந்தன, பள்ளிக்கூடத்தில் சோறு போட்டார்கள், ஊர்க்காரர்கள் சிலர் விடாமல் சண்டை போட்டார்கள். நெசவாளிகளே பிள்ளைகளுக்குத் தறி வேண்டாம் என்று முடிவெடுத்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏற்றி அனுப்பினார்கள். இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று சண்டை போடலாம். ஆனால் 2016-இல் நாடாளுமன்றம் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பதினான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளை பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் தறி இருப்பது வீட்டுக்குள். முன்பணம் வருவது வெளியிலிருந்து. உள்ளே நடப்பது குடும்பத் தொழில். சட்டம் எழுதியவர்களுக்குப் பள்ளத்தறியைப் பற்றித் தெரியாமலிருக்கும் என்று நான் நம்பவில்லை.

மாலையில் கலை நிகழ்ச்சியாகப் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படம் திரையிடலாம். 2007-க்கான சிறந்த படமென்று தேசிய விருது வாங்கியது. ஆயுள் முழுக்கப் பட்டு நெய்தவன் மகளுக்கு ஒரு பட்டுப்புடவை கொடுக்க முடியாத கதை. பிரதிநிதிகள் அழுவார்கள். அழுது முடித்ததும் காந்தி ரோடு கடைகளுக்குப் போகலாம், திறந்திருக்கும்.

மறுநாள் வரலாற்று அமர்வு. வெள்ளைக்காரன் வந்துதான் அடிமைத்தனத்தைக் கொண்டுவந்தான் என்று எங்களில் சிலருக்கு ஒரு சொகுசான நினைப்பு உண்டு. 1201-இல் திருப்பாம்புரத்தில் பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தம்மையும் இரண்டு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டே சொல்கிறது. சோழர் காலத்தில் இதற்கு ஆள்விலைப் பிரமாணம் என்று முறையான ஆவணம் இருந்தது. இன்றைய முதலாளி ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுப்பதில்லை. அந்த வகையில் சோழர் நிர்வாகம் மேல்.

வெள்ளைக்காரர் பங்குக்கு வருவோம். 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பேரரசில் அடிமை முறையை ஒழித்தது. ஒழித்த கையோடு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கு இது பொருந்தாது என்று எங்களை விட்டுவிட்டது. மேற்கிந்தியத் தீவுகளிலும் பிற இடங்களிலும் அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்கு, பாவம் சொத்து போயிற்றே என்று 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அடிமைக்கு ஒரு பென்னி இல்லை. நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனைப் பிரிட்டன் மக்கள் வரிப்பணத்தில் அடைத்து முடித்த ஆண்டு 2015. அதே 2015-இல்தான் 'நவீன அடிமைத்தனச் சட்டம்' என்று ஒன்றை அந்த நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் புதுக் கணக்கைத் தொடங்கியிருக்கிறார்கள், வங்கிக்காரர் ஊர் அல்லவா.

எங்கள் ஊருக்கு 1843-இல் ஒரு சட்டம் வந்தது: அடிமை என்ற உரிமையை நீதிமன்றம் ஒப்புக்கொள்ளாது. அடுத்து இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றது. தென்னேரி அடங்கிய பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் பண்ணையாள்கள் அதற்குப் பிறகும் அதே வயலில் அதே கடனுக்கு உழுதார்கள். 1891-இல் அந்த ஜில்லாவின் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். நிலமில்லாதவன் கடனாளியாவான், கடனாளி அடிமையாவான், ஆகவே நிலம் கொடுங்கள் என்பதே அதன் சாரம். 1892-இல் அரசு ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் உண்டானது. அந்த நிலங்கள் யார் கைக்குப் போயின என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நூறு ஆண்டு கழித்து 1994-இல் காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். கடனைக் கேட்ட முதலாளி மீது இந்த நாட்டில் யாரும் சுட்டதாக எனக்கு நினைவில்லை.

1950-இல் அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1954-இல் ஜெனீவாவின் கட்டாய உழைப்பு உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. 1975 அக்டோபரில், நாடு முழுவதையும் நெருக்கடி நிலை கட்டிப்போட்டிருந்த நேரத்தில், கொத்தடிமைகளை மட்டும் அவிழ்த்துவிட ஓர் அவசரச் சட்டம் வந்தது. 1976 பிப்ரவரி 9-இல் அது சட்டமானது. ஒரே ஆளை இத்தனை முறை விடுதலை செய்த நாடு வேறு எங்கே இருக்கிறது?

சட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். நல்ல சட்டம். அதைப் படித்தால் கண்ணில் நீர் வரும். கொத்தடிமைக் கடன் அந்த நிமிடமே செத்தது என்கிறது. இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது என்கிறது. மாவட்டந்தோறும், கோட்டந்தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது. தண்டனையாக மூன்றாண்டுச் சிறையும் இரண்டாயிரம் ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. இரண்டாயிரம், 1976-இல். இன்றும் அதே இரண்டாயிரம்தான். தங்கம் ஏறியது, ஜரிகை ஏறியது, தறிக்கூலிகூட முக்கி முனகி ஏறியது, கொத்தடிமை வைத்திருப்பதற்கான அபராதம் மட்டும் அரைநூற்றாண்டாக அசையவில்லை. இருபதாயிரம் ரூபாய்ப் புடவை ஒன்றின் விலையில் பத்து முறை அபராதம் கட்டலாம். ஆள்கடத்தல் பிரிவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதைவிடக் கடுமையானவை, உண்மை. முதல் தகவல் அறிக்கையில் அவை ஏற வேண்டும். ஏறினால் நிற்க வேண்டும். நின்றால் சாட்சி இருக்க வேண்டும். சாட்சி யாரென்றால், கூலிக்கு எங்கோ போயிருக்கும் அந்த ஆள்.

இப்போது 2019-க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காஞ்சிபுரத்தில் கால்வைக்க இடமில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில் நாற்பது ஆண்டு நீருக்குள் இருந்த அத்திவரதர் வெளியே வந்திருந்தார். ஒரு கோடிப் பேர் தரிசித்தார்கள் என்றார்கள். குடியரசுத் தலைவர் வந்தார். மாவட்ட நிர்வாகம் மொத்தமும் அங்கே நின்றது. வி.ஐ.பி. பாஸ் யாருக்கு என்பதுதான் தமிழகத்தின் தலையாய பிரச்சினையாக இருந்தது.

அதே ஜூலையில், அதே மாவட்டத்தில் கோனேரிக்குப்பத்திலும் வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர் குடும்பங்கள். பெரியவர்கள், பெண்கள், குழந்தைகள். ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தவர்கள். அவர்களில் சிலருடைய கடன் ஆயிரம் ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. மறுபடி ஒருமுறை படியுங்கள்: ஆயிரம். அந்த ஜூலையில் வெளியூர்க்காரர் ஒருவர் காஞ்சிபுரத்தில் லாட்ஜ் எடுத்து ஒருநாள் தங்க அந்தப் பணம் பற்றாது. அதைக் கொடுத்து மனிதர்களைக் குடும்பத்தோடு வாங்கிப் போட முடிந்திருக்கிறது.

மீட்க வந்த அதிகாரிகளின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிட்ட புகைப்படம் நாடெங்கும் பரவியது. நெஞ்சைத் தொட்டது என்று எல்லோரும் பகிர்ந்தார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. 43 ஆண்டுக்கு முன்பே அவருக்கு இந்த அரசு கொடுத்திருக்க வேண்டிய ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்ததற்கு அவர் காலில் விழுகிறார். அந்த இடத்தில் வரிசையாக அவர் காலில் விழுந்திருக்க வேண்டியவர்கள் பட்டியல் நீளம்: கண்காணிப்புக் குழுக் கூட்டம் போடாமல் தேநீர்ச் செலவு எழுதியவர்கள், அந்த வழியாக ஜீப்பில் போய்வந்தவர்கள், அந்த விறகை விலை குறைவென்று வாங்கியவர்கள், நான், நீங்கள். அவர்கள் யாரும் படத்தில் இல்லை. வந்த அதிகாரிகளைக் குறை சொல்ல முடியாது, அவர்கள்தான் வந்தார்களே.

முன்பணம் ஏன் தீருவதில்லை என்று பிரதிநிதிகள் கேட்பார்கள். விறகுக் கொட்டகைக்கும், செங்குன்றத்து அரிசி ஆலைகளில் பல ஆண்டு நடந்ததற்கும், திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சேம்பர்களில் ஒடிசாக்காரர்களை வைத்து நடப்பதற்கும் ஒரே கணக்குத்தான். கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். வாரச் செலவுக்கு என்று கையில் கொஞ்சம் கொடுப்பார், அது கடனில் ஏறும். காய்ச்சலுக்கு ஊசி போட்டால் ஏறும். காய்ச்சலில் படுத்த நாள் கழியாது. மகளுக்குக் கல்யாணம் என்றால் முதலாளியே முன்வந்து கொடுப்பார், தாராளமாக. ஊரில் ஒரு சாவு என்றால் போய்வரலாம், மனைவியையோ பிள்ளையையோ இங்கே விட்டுவிட்டு. வங்கிகள் வராக்கடன் வராக்கடன் என்று அலறுகின்றனவே, அந்த மேலாளர்களை இங்கே பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். ஈடு இல்லை, பத்திரம் இல்லை, வழக்கு இல்லை, ஆனாலும் ஒரு ரூபாய் தப்புவதில்லை.

ஏன் இருளர் என்ற கேள்விக்குப் பதில் மாநாட்டுத் தாள்களில் 'விளிம்புநிலை' என்று வரும். ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் மீனும் எலியும் பாம்பும் பிடித்து வாழ்ந்தவர்களுக்குக் காடு போயிற்று, ஏரிக்கரை பட்டா இல்லாத புறம்போக்கு ஆயிற்று, சாதிச் சான்றுக்கு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதாயிற்று என்பதை விளிம்பு என்று சொல்லிவிட்டால் யாரும் தள்ளவில்லை, தாங்களாகவே ஓரமாகப் போய் நின்றார்கள் என்று ஆகிவிடுகிறது. 2023-இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் இருவருக்குப் பாம்பு பிடிக்கும் திறனுக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைப்பாம்பு பிடிக்க ஃப்ளோரிடாவரை அழைக்கப்பட்டவர்கள். மனசாரக் கைதட்டினேன். அவர்கள் சாதிசனத்தில் எத்தனை பேர் அன்றைக்கு எந்தக் கொட்டகையில் விறகு பிளந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் விழாவிலேயே சொல்லியிருந்தால் கைதட்டல் கொஞ்சம் சுருதி மாறியிருக்கும்.

மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழ் ஒன்று கொடுப்பார்கள். பிறப்புச் சான்று இல்லாதவர், ரேஷன் கார்டு இல்லாதவர், ஆனால் விடுதலைச் சான்று வைத்திருப்பார். அதை மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தொலைந்தால் சுதந்திரத்துக்கு நகல் எடுப்பது கஷ்டம். உடனடி உதவியாக முன்பு 20,000 ரூபாய், இப்போது 30,000. மீதி? 2016-இன் மத்தியத் திட்டப்படி ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், கொடுமை மிகுந்திருந்தால் மூன்று லட்சம். படிக்கும்போதே வீடு கட்டத் தோன்றும். ஆனால் முழுத் தொகையும் வர முதலாளி மீதான வழக்கு தண்டனையில் முடிய வேண்டும். அதாவது போலீஸ் ஒழுங்காக எழுதி, அரசு வழக்கறிஞர் ஒழுங்காக வாதாடி, நீதிமன்றம் வாய்தா போடாமல் முடித்து, முதலாளி உள்ளே போனால்தான் இவர் கைக்குப் பணம். இவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்யவேண்டியதைச் செய்யாவிட்டால் அபராதம் யாருக்கு? சரியாகச் சொன்னீர்கள்.

1833 சட்டப்படி அடிமையை விட்டுக்கொடுத்த எஜமானனுக்கு, அவன் எந்தக் குற்றத்தையும் நிரூபிக்காமலே பணம் கொடுத்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு நையாண்டி செய்ய எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்தது புள்ளிவிவர அமர்வு. இதற்கு மதியச் சாப்பாடு முடிந்து வருவது நல்லது, தூங்கிக்கொண்டே கேட்கலாம். 1995-இல் உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையர்கள் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். மத்திய அரசின் அட்டவணையில் பல ஆண்டு நின்ற தமிழ்நாட்டுக் கணக்கு இது: அடையாளம் கண்டு விடுவித்தவர் 65,573. மறுவாழ்வு பெற்றவர் 65,573. ஆஹா! ஒருவர் கூடவில்லை, ஒருவர் குறையவில்லை. இடையில் ஒருவர் சாகவில்லை, ஒருவர் ஊர் மாறவில்லை, ஒருவர் மறுபடியும் முன்பணம் வாங்கிப் போகவில்லை. எங்கள் ஊர்த் தறியில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு கோர்வை விழுந்ததில்லை.

நாடு முழுவதற்கும் 1978 முதல் 2023 ஜனவரி வரை விடுவிக்கப்பட்டவர்கள் 3,15,302. இதனிடையே 2016-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், 2030-க்குள் 1.84 கோடிக் கொத்தடிமைகளை விடுவித்து மறுவாழ்வு தரப்போவதாகத் தொலைநோக்குத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 45 ஆண்டில் மூன்று லட்சத்துச் சொச்சம் என்றால் ஆண்டுக்கு ஏழாயிரம். அந்த வேகத்தில் 1.84 கோடிக்கு ஏறக்குறைய 2,600 ஆண்டு பிடிக்கும். கீழடியில் பானை ஓட்டில் தமிழர்கள் பெயர் கீறிய நாளிலேயே இந்த வேலையை ஆரம்பித்திருந்தால் இந்நேரம் முடித்துக் குத்துவிளக்கு ஏற்றியிருக்கலாம். கொஞ்சம் தாமதமாகத் தொடங்கிவிட்டோம்.

அந்த 1.84 கோடி எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலிய இரும்புத்தாதுச் செல்வந்தர் ஆண்ட்ரூ ஃபாரஸ்ட் நிறுவிய 'வாக் ஃப்ரீ' அமைப்பு அதே ஆண்டு வெளியிட்ட உலக அடிமைத்தனக் குறியீட்டில் இந்தியாவுக்குப் போட்ட எண்ணும் ஏறத்தாழ அதுவே. உள்ளூரில் திட்டம் போட அந்த எண் நல்ல எண். 2017-இல் அதே அமைப்பும் ஜெனீவாவும் சேர்ந்து உலகில் 4 கோடி நவீன அடிமைகள் என்று அறிவித்தபோது, இது இந்தியாவின் பெயரைக் கெடுக்கும், ஏற்றுமதியைக் கெடுக்கும், மறுத்துப் பேச வேண்டும் என்று உளவுத்துறை அரசுக்குக் குறிப்பு அனுப்பியதாகச் செய்தி வந்தது. விறகுக் கொட்டகையில் ஆயிரம் ரூபாய்க்கு ஆள் கிடப்பதை அரைநூற்றாண்டாக மோப்பம் பிடிக்க முடியாத அரசு, வெளிநாட்டில் அச்சாகும் அட்டவணையை அச்சு காயுமுன் மோப்பம் பிடித்துவிடுகிறது. 2022 கணக்கில் உலகத் தொகை 5 கோடியாகிவிட்டது, கட்டாயத் திருமணங்களையும் சேர்த்து. 2030-க்குள் ஒழிப்பதாக ஐக்கிய நாடுகள் சபை நிர்ணயித்த இலக்கு 8.7 அப்படியே இருக்கிறது. இலக்குக்கு என்ன கஷ்டம், அது நின்ற இடத்தில் நிற்கும். ஆட்கள்தானே நகரவேண்டும்.

எண்களில் எனக்கும் சந்தேகம் உண்டு. ஒரு நாட்டின் அடிமைகளைச் சில ஆயிரம் பேரிடம் கேள்வி கேட்டு, மிச்சத்தைக் கணித்துச் சொல்லும் முறையை நான் கண்ணைமூடிக்கொண்டு நம்பமாட்டேன். எண் தப்பு என்று சொல்கிற அரசு, சரி, நாங்களே வீடுவீடாக, கொட்டகை கொட்டகையாக எண்ணிச் சொல்கிறோம் என்று ஒருமுறை கிளம்பியிருந்தால் அதன் பக்கம் நின்று கொடி பிடித்திருப்பேன். 2014-இல் கட்டாய உழைப்பு உடன்படிக்கைக்கு ஜெனீவா சேர்த்த நெறிமுறையில் இந்தியா இன்றுவரை சேரவில்லை. மாநாட்டைத் தென்னேரியில் நடத்தினால் பேனாவை நாங்கள் தருகிறோம்.

பணக்கார நாடுகள் சிரிக்க வேண்டாம். 2015 பிரிட்டிஷ் சட்டத்தின் 54-ஆவது பிரிவு, ஆண்டு விற்பனை 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், தங்கள் சரக்கு வரும் வழியில் அடிமைகள் இல்லாதிருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை போட வேண்டும் என்கிறது. என்ன செய்தோம் என்று எழுதலாம். அல்லது, ஒன்றும் செய்யவில்லை என்று எழுதலாம். அதுவும் சட்டப்படி செல்லும். நான் கற்பனை செய்யவில்லை, சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. வருமானவரித் துறை இந்தப் பெருந்தன்மையை எனக்குக் காட்டினால் நானும் ஆண்டுதோறும் தவறாமல் ஒரு அறிக்கை அனுப்புவேன்.

பிப்ரவரி 9 இங்கே கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாள். ஆட்சியர் அலுவலகத்தில் எல்லோரும் வரிசையாக நின்று கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். நீட்டிய கைகளைப் பாருங்கள்: கணக்குப் பிரிவு உதவியாளர், தட்டச்சர், ஓட்டுநர், அலுவலக உதவியாளர். கொத்தடிமை வைத்துக்கொள்ளும் வசதி இவர்களில் யாருக்கும் கிடையாது. வசதியுள்ளவர்களை அந்த வரிசையில் நான் பார்த்ததில்லை.

மாநாட்டின் கடைசி நாளுக்குத் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். நீளமில்லை. மீட்கப்பட்டவரின் பணத்துக்கும் முதலாளியின் தண்டனைக்கும் போட்ட முடிச்சை அவிழ்க்கவும். சான்றிதழோடு சேர்த்தே வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றும் கொடுக்கவும், மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிற துறை ஒன்றுதான். அந்த இரண்டாயிரத்தை ஆளுக்கு இரண்டு லட்சமாக்கி, அதை உழைத்தவர் கையில் கொடுக்கவும். கண்காணிப்புக் குழுக் கூட்டக் குறிப்புகளை மாதாமாதம் ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்டவும். கூட்டம் நடக்காத மாதம் வெள்ளைத்தாளை ஒட்டவும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிவிடும், அதில் எனக்கு ஐயமில்லை. எதிர்க்க வேண்டியவர் வந்திருக்கமாட்டார். ஐப்பசி மழையில் வேலையில்லாமல் முடங்கிய குடிசைகளாகப் பார்த்து, அடுத்த பருவத்துக்கு ஆள் பிடிக்க, சட்டைப்பையில் பத்து ஐந்நூறு ரூபாய்த் தாளோடு அவர் பைக்கில் போய்க்கொண்டிருப்பார்.